வெள்ளம் குடித்த இன்ஜின்

ரீபோர் செய்தால் வண்டி பறக்கும் என்று எங்கள் வட்டாரத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. அதைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்கு நான் பட்டறைச் சுவரில் சாக்பீஸால் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவேன். மாருதி எஸ்டீம் காரின் இன்ஜின் 1298 சி.சி. நான்கு சிலிண்டர். ஒவ்வொன்றின் விட்டமும் 74 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 75.5 மி.மீ. ரீபோர் என்றால் தேய்ந்த சிலிண்டரைப் பெரிதாகக் கடைவது. அரை மில்லிமீட்டர் கடைந்து 74.5 ஆக்கினால் கொள்ளளவு 1316 சி.சி. ஆகும். கூடியது 18 சி.சி.; நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. 85 குதிரைத்திறன் இன்ஜினில் ஒன்றேகால் குதிரைகூடத் தேறாது.

ஆனாலும் ரீபோர் செய்த வண்டி பறக்கத்தான் செய்கிறது. வண்டிக்காரர் சொல்வது பொய்யில்லை. தேய்ந்த சிலிண்டருக்கும் பிஸ்டன் ரிங்குக்கும் நடுவே வருடக்கணக்கில் நழுவிப் போய்க்கொண்டிருந்த அழுத்தம் நின்றுவிட்டது, அவ்வளவுதான். நாம் புதிதாக எதையும் கொடுக்கவில்லை. கம்பெனி கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்திருக்கிறோம். "பவர் ஏத்தணும்ணா" என்று வருகிறவர்களில் பாதிப்பேருக்கு வேண்டியது இதுதான் என்பது என் அனுபவம்.

நான் திண்டிவனத்தில் ரீபோர் பட்டறை வைத்திருப்பவன். வண்டியைப் பிரித்துப் பூட்டுவது என் வழக்கமான வேலை அல்ல. செஞ்சி, மயிலம், விக்கிரவாண்டி, விழுப்புரம் என்று சுற்றுவட்டாரத்து மெக்கானிக்குகள் பிரித்துக் கொண்டுவரும் பிளாக்கையும் கிராங்கையும் ஹெட்டையும் கடைந்து, தேய்த்து, அளந்து கொடுப்பது என் வேலை. டிராக்டரும் கிணற்று டீசல் மோட்டாரும்தான் அதிகம் வரும். கார் கொஞ்சம் குறைவு. 2024 டிசம்பருக்குப் பிறகு அந்தக் கணக்கு மாறிப்போனது.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் எங்கள் தலைமேலேயே நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை. விழுப்புரம் பேருந்து நிலையம் குளமாகக் கிடந்தது. தென்பெண்ணை பெருகி, அரசூர் பக்கம் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையின் மேலேயே வெள்ளம் ஓடிப் போக்குவரத்து நின்றுபோனது. அடுத்த சில மாதங்களுக்குப் பட்டறைகளில் "தண்ணி வண்டி" என்றாலே எல்லாருக்கும் விளங்கும்.

தண்ணீர் இன்ஜினை எப்படி உடைக்கிறது? சிலிண்டருக்குள் பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றையும் பெட்ரோலையும் இழுக்கிறது. மேலே ஏறும்போது அதை ஒன்பது பத்து மடங்கு சிறியதாக நசுக்குகிறது. காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. ஊசி இல்லாத சிரிஞ்சில் காற்றை அடைத்து முனையை விரலால் பொத்தித் தள்ளிப் பாருங்கள், தண்டு உள்ளே போகும். தண்ணீரை நிரப்பிக்கொண்டு அதேபோல் தள்ளினால் அசையாது. இன்ஜினிலோ பொத்திய விரல் விலகாது, தள்ளுகிற கையும் நிற்காது. ஓடுகிற வேகத்தில் கிராங்க் தள்ளியே தீரும். பிஸ்டனுக்கும் கிராங்குக்கும் நடுவில் இருக்கும் கனெக்டிங் ராடு வளைகிறது. ஏர் ஃபில்டர் வாய் முங்கும் அளவுக்கு ஓடையில் வண்டியை விட்டு, இன்ஜின் "டக்" என்று நின்றால், பெரும்பாலும் நடந்தது இதுவாகத்தான் இருக்கும். நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான். தள்ளி ஓரங்கட்டி, பிளக்கைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் மற்றது.

திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஒரு தம்பிக்கு நேர்ந்ததும் இதேதான். அப்பா வாங்கிய எஸ்டீம். வெள்ளத்தன்று விழுப்புரத்திலிருந்து அக்காவையும் பிள்ளைகளையும் கூட்டிவரப் போனார். முழங்கால் தண்ணீரில் வண்டி நின்றது. மறுநாள் யாரோ பிளக்கைக் கழற்றிச் சுற்றிவிட, தண்ணீர் பீய்ச்சியடித்து வெளியே வந்தது. வண்டியும் ஸ்டார்ட் ஆனது. ஆயிலை மட்டும் மாற்றிக்கொண்டு அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தார். பொங்கல் கழித்து என்னிடம் வந்தபோது அவர் சொன்னது: "ஓடுதுண்ணா. ஆனா ஒரு மாதிரியா ஓடுது."

கம்ப்ரஷன் பார்த்தோம். மூன்று சிலிண்டர்கள் 170 பவுண்டுக்குப் பக்கத்தில் நின்றன. மூன்றாம் எண் சிலிண்டர் 140. ஹெட்டைக் கழற்றியதும் விஷயம் கண்ணுக்கே தெரிந்தது. மற்ற மூன்று பிஸ்டன்களும் ஏறி நிற்கும் உயரத்துக்கு இந்த ஒன்று வரவில்லை. ஒன்றரை மில்லிமீட்டர் கீழே நின்றது. சிலிண்டரின் மேல்விளிம்பில் கரிப்பட்டை அந்த அளவுக்கு அகலமாகப் படிந்திருந்தது. பிஸ்டன் எட்டாத இடத்தில் கரி நிம்மதியாக உட்காருமல்லவா? ராடு வளைந்து குட்டையாகியிருக்கிறது. இப்படி வளைந்த ராடு மாதக்கணக்கில் ஓடும். பிறகு ஒருநாள் நெடுஞ்சாலையில் முறிந்து பிளாக்கின் பக்கவாட்டில் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். தம்பிக்கு நல்ல நேரம்.

"எப்படியும் பிரிச்சாச்சு. பவரையும் கொஞ்சம் ஏத்திடலாமாண்ணா?"

சரியான கேள்வி, சரியான நேரத்தில். முழுக்கப் பிரித்துப் போட்ட இன்ஜினில்தான் எல்லாவற்றையும் அளக்க முடியும்.

அளக்க நான் கற்றுக்கொண்டது சென்னையில். எண்பதுகளில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுப் பக்கம் ஒரு பட்டறையில் கையாளாகச் சேர்ந்தேன். என் மேஸ்திரி சோழவரம் ரேஸுக்கு ஃபியட் தயார் செய்கிறவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் அது. அப்போதெல்லாம் சென்னையின் ரேஸ் அங்கேதான் நடக்கும். ஊர்த் தெருவில் ஓடிய அதே 1089 சி.சி. ஃபியட் அங்கே வேறு குரலில் கத்திக்கொண்டு போகும். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் பெரிய மந்திரம் இருக்கும் என்று நினைத்தேன். மேஸ்திரி மைக்ரோமீட்டரைத்தான் கையில் கொடுத்தார். தொழிற்சாலையில் லட்சக்கணக்கில் செய்கிறார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் இத்தனை முதல் இத்தனை வரை இருக்கலாம் என்று ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். நான்கு பிஸ்டனும் அந்த வரம்புக்குள்தான் இருக்கும், ஆனால் நான்கும் ஒன்றாக இருக்காது. ரேஸ் மேஸ்திரி அந்த நான்கையும் ஒன்றாக்குவார். ஒரு பிளாக்குக்கு வாரக்கணக்கில் உட்காருவார்.

கோவையில் ரேஸ் கார் கட்டிய கரிவர்தன் செய்ததும் இந்த வழியில் வந்ததுதான். மளிகைக்கடைக்குப் போய்வர எல்லாரும் வைத்திருந்த மாருதி 800-இன் மூன்று சிலிண்டர், 796 சி.சி. இன்ஜினை எடுத்து, ஒற்றை இருக்கை ரேஸ் காருக்குள் வைத்து, எண்பதுகளின் கடைசியில் ஃபார்முலா மாருதியைக் கொண்டுவந்தார். வெளிநாட்டு இன்ஜின் வாங்க வசதியில்லாத பிள்ளைகளும் ரேஸ் ஓட்ட வழி பிறந்தது. 2005-இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன் அதில் ஓட்டிப் பழகியவர். நடிகர் அஜித்குமாரும் அதில் ஓட்டியிருக்கிறார். 1995-இல் விமான விபத்தில் கரிவர்தன் இறந்தார். செட்டிப்பாளையத்தில் உள்ள ரேஸ் தளத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

பழைய பிளாக் என்று யாராவது முகம் சுளித்தால் நான் பி.எம்.டபிள்யூ கதையைச் சொல்வேன். 1983-இல் நெல்சன் பிக்கே உலகப் பட்டம் வென்ற ஃபார்முலா 1 காரின் டர்போ இன்ஜின், அந்தக் கம்பெனியின் சாதாரண ரோட்டுக் காரின் வார்ப்பிரும்பு பிளாக்கில் கட்டியது. ஓடி ஓடிச் சூடும் குளிரும் பார்த்த பழைய பிளாக்குகளைத் தேடியெடுத்தார்கள் என்பார்கள். வார்ப்பில் இருந்த முறுக்கமெல்லாம் அடங்கியிருக்கும் என்பது காரணம்.

தம்பியின் எஸ்டீமுக்கு வருவோம்.

முதலில் விரிசல் பார்க்க வேண்டும். கிராங்கையும் ராடுகளையும் கழுவி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தடவிக் காத்திருப்பேன். முடியளவு விரிசல் இருந்தாலும் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளைப் பொடியில் கோடு போட்டுவிடும். பழைய முறை, செலவில்லாத முறை. கிராங்க் தப்பியிருந்தது. வளைந்த ராடை பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தித் தரச் சொல்லிக் கேட்பவர்கள் இன்னமும் உண்டு. நான் செய்வதில்லை. ஒருமுறை வளைந்த இரும்பு வளையும் இடத்தை ஞாபகம் வைத்திருக்கும். சென்னைப் புதுப்பேட்டையில், பழைய வண்டியில் கழற்றிய ராடு செட் ஒன்று கிடைத்தது. அதற்கும் அதே மண்ணெண்ணெய்ச் சோதனை. போல்ட்டுகள் மட்டும் புதியவை. அதில் கஞ்சத்தனம் கூடாது.

நான்கு ராடையும் நகைக்கடைத் தராசில் நிறுத்தோம். ஒன்றுக்கொன்று ஐந்து கிராம் வரை வித்தியாசம். இது சின்ன விஷயம்போலத் தெரியும். நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 200 தடவை நின்று திரும்புகிறது. சுற்றை 7500 ஆக்கினால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. ராடை இழுக்கும் விசையோ 56 சதவீதம் கூடிவிடும், அது வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால். பவர் வேண்டுமென்று அதிகச் சுற்றுக்கு ஆசைப்படுகிறவர் முதலில் எடையைச் சமன் செய்ய வேண்டும். கனமானவற்றின் ஓரத்தில் இதற்கென்றே விட்டிருக்கும் திமிலை அரத்தால் தேய்த்து, அரை கிராமுக்குள் கொண்டுவந்தோம்.

பிறகு ரீபோர். அலுமினிய பிளாக்குக்குள் வார்ப்பிரும்பு லைனர் உள்ள இன்ஜின் இது. தம்பி 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்கினார். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே விடும் இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை நூறாக வகுத்தால் அதில் மூன்று. குறைந்தால் சூட்டில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கூடினால் தட்டும், ஆயில் எரியும். எங்கள் ஊர் வெயில் இதில் ஒரு தனி எதிரி. வாசலில் வெயில் பட்டுக் கிடந்த அலுமினிய பிஸ்டன், நிழலில் இருந்ததைவிட 10 டிகிரி சூடாக இருந்தால், 74 மி.மீ. விட்டத்தில் 0.017 மி.மீ. பெருத்திருக்கும். நாம் விடப்போகும் இடைவெளியில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விட்டது! அதனால் பிளாக், பிஸ்டன், மைக்ரோமீட்டர் மூன்றையும் இரவெல்லாம் ஒரே மேஜையில் வைத்துவிட்டு, விடிகாலையில் அளப்பேன். கத்திரி வெயில் மதியத்தில் அளந்து கடைகிறவரிடம் பிளாக்கைக் கொடுக்காதீர்கள்.

ரிங் வாய் இடைவெளி, பேரிங் இடைவெளி, ஹோனிங் கோடுகளின் சாய்வு எல்லாம் இதே பொறுமைதான். விரித்தால் வாசகர் ஓடிவிடுவார்.

இதுவரை செய்தது திருப்பிக் கொடுத்தல். "ஏத்துவது" இனிமேல்தான். பத்தில் ஒன்பது பேர் முதலில் கேட்பது ஹெட்டைச் சீவிக் கம்ப்ரஷனை ஏற்றுவது. அதற்கும் சுவரில் கணக்கு இருக்கிறது. ஒரு சிலிண்டர் இப்போது 329 சி.சி. அழுத்த விகிதம் 9.5 என்றால் பிஸ்டன் மேலே நிற்கும்போது மிச்சமிருக்கும் இடம் 38.7 சி.சி. அதை 10 ஆக்க 36.6 சி.சி. வேண்டும். இரண்டு சி.சி. குறைக்க ஹெட்டில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் சீவ வேண்டும். இதனால் ஏட்டுக் கணக்கில் கூடுவது நூற்றுக்கு ஒன்றரை. ரீபோரில் வந்தது ஒன்றரை, இதில் ஒன்றரை. இரண்டும் சேர்ந்து மூன்று.

இப்போது இதைப் பாருங்கள். மாசி விடிகாலையில் 25 டிகிரி. சித்திரை மதியத்தில் 40. காற்று சூடானால் விரியும். அதே சிலிண்டருக்குள் போகும் காற்றின் எடை ஐந்து சதவீதம் குறைந்துவிடும். ரீபோரிலும் ஹெட் சீவலிலும் சேர்த்துச் சம்பாதித்ததைவிட வெயில் எடுத்துக்கொள்வது அதிகம். பானட்டுக்குள் ரேடியேட்டர் பக்கத்துச் சூட்டுக் காற்றை இன்ஜின் இழுத்தால் இன்னும் மோசம். ஆகவே உண்மையான ஆதாயம் இன்ஜின் மூச்சு விடுவதில்தான் இருக்கிறது: குளிர்ந்த காற்று, தடையில்லாத வழி.

இங்கேதான் எங்கள் ஊருக்கு ஒரு சிக்கல். குளிர்ந்த காற்று வேண்டுமென்று கூம்பு ஃபில்டரை வாங்கி, பம்பருக்குக் கீழே தொங்கவிடுகிறார்கள் இளைஞர்கள். வெயிலுக்கு அது நல்லதுதான். ஐப்பசி கார்த்திகையில் அதே வாய்தான் முதலில் தண்ணீர் குடிக்கும். வளைந்த ராடுடன் வந்த இன்னொரு வண்டியில் நான் பார்த்தது அப்படி மாட்டிய ஃபில்டரைத்தான். தம்பியின் வண்டிக்குக் காற்று வாயை ஹெட்லைட்டுக்குப் பின்னால், பானட் விளிம்புக்குச் சற்றுக் கீழே வைக்கச் சொன்னேன். குளிர்ச்சி கொஞ்சம் குறையும், உயரம் கிடைக்கும்.

அதிக நேரம் பிடித்தது ஹெட். நான்கு குழிகளையும் மேலே கண்ணாடித் தகடு வைத்து, சிரிஞ்சால் மண்ணெண்ணெய் விட்டு அளந்தோம். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒன்றரை சி.சி. வித்தியாசம். அதாவது ஒரே இன்ஜினில் நான்கு சிலிண்டரும் நான்கு விகிதத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அதைச் சமன் செய்தோம். வால்வு உட்காரும் இடத்தை மூன்று கோணத்தில் வெட்டி, காற்று முட்டித் திரும்பாமல் வழுக்கிப் போக வழி செய்தோம். காற்றுப் பாதையில் வார்ப்பின் துருத்தல்களையும் கேஸ்கட் விளிம்பில் இடறும் படியையும் எடுத்தோம். கண்ணாடிபோல பாலிஷ் போடச் சொன்னார் தம்பி, யூடியூப் பார்த்திருப்பார். உள்ளே வரும் வழிக்கு அது வேண்டியதில்லை. லேசான சொரசொரப்பு பெட்ரோல் சுவரில் படியாமல் காற்றோடு கலக்க உதவும். வெளியே போகும் வழியில் போட்டால் கரி பிடிப்பது குறையும். அங்கே போட்டுக் கொடுத்தேன்.

விகிதம் பத்தோடு நின்றோம். பத்தரை கேட்டார். விக்கிரவாண்டி டோல்கேட்டில் மே மாத மதியம் ஏ.சி. போட்டு வரிசையில் நின்று, அங்கிருந்து மிதிக்கும்போது பெட்ரோல் தானாகவே முன்கூட்டி வெடித்து பிஸ்டன் தலையைத் தட்டும். ரேஸ் தளத்தில் ஓடும் இன்ஜினுக்கு இந்த டோல்கேட் இல்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தத் தட்டலைக் கொஞ்சம் தாங்கும் என்பது உண்மை. பழைய வண்டியின் ரப்பர் குழாய்களை அரிக்கும் என்பதும் உண்மை. குழாய்களை மாற்றச் சொன்னேன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. தேய்மானத்துக்குக் கடைவது பழுதுபார்ப்பு. பெரிய இன்ஜினைத் தூக்கி வைப்பது வேறு கதை, ஆர்.டி.ஓ. அலுவலகம் போயாக வேண்டும். பிளாக்கையே மாற்றினாலும் இன்ஜின் எண் மாறிவிடும், அதைப் பதிய வேண்டும். இன்னொன்று: முழு இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று தண்ணீரில் இறங்காதீர்கள். தண்ணீர் குடித்து உடைந்த இன்ஜினுக்குச் சாதாரண பாலிசியில் பெரும்பாலும் பணம் வராது. இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். ஃபெஞ்சலுக்குப் பிறகு இதைத் தெரிந்துகொண்டவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர்.

பூட்டிய பிறகு பிளக்கைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் விளக்கு அணையும்வரை சுற்றவிட்டு, அதன்பிறகுதான் ஸ்டார்ட். முதல் 500 கிலோமீட்டருக்கு ஒரே வேகத்தில் ஓட்டக் கூடாது. மிதித்து, விட்டு, மறுபடி மிதித்து ஓட்ட வேண்டும். அப்போதுதான் ரிங் சுவரோடு பழகும். மயிலம் ஏறி இறங்கி, கூட்டேரிப்பட்டு வழியாக விழுப்புரம் போய்த் திரும்புவது அதற்கு நல்ல பாதை. 500-இல் ஆயிலை இறக்கி, ஃபில்டரை அறுத்து, காகிதத்தை விரித்து வெளிச்சத்தில் பார்த்தோம். முதல் ஓட்டத்தின் மெல்லிய சாம்பல் பூச்சு மட்டும். பேரிங் உரிந்த மினுமினுப்பு இல்லை. கம்ப்ரஷன் நான்கிலும் 185-க்குப் பக்கம், ஒன்றுக்கொன்று ஐந்து பவுண்டுக்குள்.

இப்போது அடுத்த ஆசை வந்துவிட்டது. "கேம்ஷாஃப்ட் மாத்தினா இன்னா ஆவும்ணா?" வால்வு அதிக நேரம் திறந்திருக்கும், மேல் சுற்றில் நன்றாக இழுக்கும், கீழ்ச் சுற்றில் இருமும், எங்கள் ஊர் நேரு வீதி நெரிசலில் அவரே வெறுத்துப்போவார். இதைச் சொல்லிவிட்டு, முன்சக்கரத்தைக் கழற்றி பிரேக் டிஸ்க்கின் தடிமனை அளந்து காட்டினேன். டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்கும் கீழே போயிருந்தது. முதலில் இரண்டு டிஸ்க், பேடு, பின்சக்கர சிலிண்டர், பிரேக் ஆயில். கேமைப் பற்றி ஆடிக்குப் பிறகு பேசலாம் என்றிருக்கிறேன்.